தண்டுவடக் காயத்துக்குப் பிறகு ரோபோவின் துணையோடு நடைப்பயிற்சி: ஓர் எளிய விளக்கம்

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்துபோன ஒருவரின் வீட்டார், அறுவை சிகிச்சை முடிந்து ஓரிரு வாரங்கள் ஆனதும் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "மறுபடியும் நடப்பாரா?" என்பதுதான். இப்போது அதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. ரோபோ ஒன்று நோயாளியைப் பிடித்து நடக்கவைக்கும் காணொளியைக் கைப்பேசியில் காட்டி, "இதில் சேர்த்துவிட்டால் நடந்துவிடுவாரா?" என்று கேட்கிறார்கள். பெருந்தொகை செலவழியக்கூடிய முடிவு இது என்பதால், அந்த இயந்திரம் என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்பதை ஓரளவாவது புரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. ரோபோ காலை நகர்த்துகிறது. நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியது நோயாளியின் நரம்பு மண்டலம். கற்பதற்கு நரம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பயிற்சியின்போது அவர் தாமாக எவ்வளவு முயல்கிறார் என்ற இரண்டும்தான் பயனைத் தீர்மானிக்கின்றன. இயந்திரத்தின் பெயரும் விலையும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன.

தண்டுவடம் என்பது மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு முதுகெலும்புக்குள்ளாக இறங்கும் நரம்புத் தண்டு. அதிலிருந்து இருபுறமும் 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. முதுகெலும்பின் கடைசி வரை தண்டுவடம் வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரியவர்களின் உடலில் அது முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. இந்தச் சிறிய உடற்கூற்றுச் செய்தி பின்னால் மிகவும் பயன்படும்.

மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுவதும், சாலை விபத்துகளும்தான் நம் நாட்டில் இந்தக் காயத்துக்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. விழுந்த வேகத்தில் முள்ளெலும்பு உடைந்தோ நழுவியோ தண்டுவடத்தை நசுக்குகிறது. கத்தியால் அறுத்ததுபோல் தண்டுவடம் இரண்டு துண்டாவது அரிது. நசுங்கிய இடத்தில் பல நரம்பிழைகள் அழிந்தாலும் சில மிஞ்சுகின்றன. கழுத்துப் பகுதியில் அடிபட்டால் கைகளும் கால்களும், மார்புப் பகுதியில் அடிபட்டால் கால்களும் பாதிக்கப்படுகின்றன. அடிபட்ட இடத்தைப் போலவே, எவ்வளவு இழை மிஞ்சியது என்பதும் முக்கியம். அதை மருத்துவர்கள் ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். 'ஏ' என்றால் ஆசனவாயைச் சுற்றியுள்ள கடைசி நரம்புகள் வரை உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை; இதுவே முழுமையான காயம், 'பி' முதல் 'டி' வரையுள்ளவை பகுதிக் காயம். 'பி' என்றால் உணர்ச்சி மட்டும் உண்டு. 'சி'யிலும் 'டி'யிலும் அசைவு மிஞ்சியிருக்கிறது. காயத்துக்குக் கீழேயுள்ள முக்கியத் தசைகளில் பாதியாவது புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கும் வலிமையோடு இருந்தால் அது 'டி', அதற்குக் குறைவென்றால் 'சி'. 'இ' என்பது இயல்பு நிலை. நோயாளியின் வகை எது என்று தெரியாமல் ரோபோ பயிற்சியைப் பற்றி யார் என்ன வாக்குறுதி தந்தாலும் அதற்குப் பொருளில்லை.

இனி, இந்தச் சிகிச்சை முறையின் அடித்தளமாக இருக்கும் கண்டுபிடிப்புக்கு வருவோம். நடப்பதற்கான கட்டளை முழுவதும் மூளையிலிருந்தே அடிக்கு அடி வருகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அப்படி இல்லை. 1911இல் தாமஸ் கிரகாம் பிரௌன் என்ற பிரிட்டிஷ் உடலியல் ஆய்வாளர், மூளையோடு தொடர்பு அறுக்கப்பட்ட பூனையின் தண்டுவடம் தானாகவே பின்னங்கால் தசைகளை மாற்றி மாற்றி, நடையின் தாளத்தில் இயக்க வல்லது என்று காட்டினார். ஒரு கால் மடங்கும்போது மறு கால் நீளும் அந்த ஒழுங்கு, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள நரம்பணு வலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூளை "நட", "நில்", "திரும்பு", "வேகமாகப் போ" என்று ஆணையிடுகிறது. தசைக்குத் தசை செய்யவேண்டிய சில்லறை வேலையில் பெரும்பகுதியைக் கீழேயுள்ள வலை பார்த்துக்கொள்கிறது.

பல பத்தாண்டுகள் கழித்து, கனடாவின் மாண்ட்ரியாலில் யூக் பார்போவும் செர்ஜ் ரோசின்யோலும் இதை ஒரு படி முன்னே கொண்டுசென்றார்கள். மார்புப் பகுதியில் தண்டுவடம் முழுவதும் துண்டிக்கப்பட்ட வளர்ந்த பூனைகளை டிரெட்மில்லில் வைத்து, உடலைத் தாங்கிப் பிடித்து, நாள்தோறும் பழக்கினார்கள். சில வாரங்களில் அவை பின்னங்கால்களால் எடையைத் தாங்கி அடியெடுத்து வைத்தன என்று 1987இல் வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் ரெஜி எட்ஜெர்டனின் குழு கண்டது இன்னும் நுட்பமானது: நிற்க மட்டும் பழக்கிய பூனை நன்றாக நின்றது, ஆனால் நடக்கத் தடுமாறியது, நடக்கப் பழக்கியது நடந்தது. தண்டுவடம் கற்கும், அதுவும் எதைப் பழக்குகிறோமோ அதையே கற்கும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம். நடை வேண்டுமென்றால் நடையைத்தான் பழக வேண்டும். படுக்கையில் கிடந்தபடி காலை நீட்டி மடக்குவது மட்டும் போதாது.

மனிதனின் தண்டுவடம் பூனையினுடையதைவிட மூளையை அதிகம் சார்ந்தது. ஆகவே முழுத் துண்டிப்புக்குப் பிறகு பூனை நடந்ததுபோல் மனிதர் நடப்பதில்லை. ஆனால் அந்த வலை நம்மிடமும் இருக்கிறது. அதை எழுப்புவது எது என்று சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரின் பால்கிரிஸ்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஃபோல்கர் டீட்ஸும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவுகள், இந்தப் பயிற்சியைப் பற்றிப் படிக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. முழுமையான காயமுற்றவர்களின் கால்களை இயந்திரம் கொண்டு நடைபோல அசைத்து, அந்நேரத்தில் தசைகளில் எழும் மின்சைகைகளைப் பதிவு செய்தார்கள். உடலின் முழு எடையையும் கயிறு தாங்கிக்கொண்டு, பாதம் தரையில் அழுந்தாமல் கால்கள் அந்தரத்தில் அசைந்தபோது, தசைகள் ஏறக்குறைய அமைதியாகவே இருந்தன. பாதத்தின் வழியாக எடை இறங்கி, இடுப்பு மூட்டும் முன்னும் பின்னும் அசைந்தபோதுதான், அந்தச் செயலிழந்த கால்களின் தசைகளில் நடைக்குரிய தாளம் எழுந்தது. பாதத்தில் விழும் பாரமும், கால் பின்னோக்கி நீளும்போது இடுப்பு மூட்டிலிருந்து எழும் உணர்வுமே தண்டுவடத்துக்கு "நடக்கிறோம்" என்று அறிவிக்கும் செய்திகள். பயிற்சிக் கூடத்தில் கயிறு எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்பது ஏன் அத்தனை முக்கியம் என்பதற்கான விடை இந்த ஆய்வில் இருக்கிறது: காலை அழகாக ஆட்டிக்காட்டினால் போதாது, பாதத்தில் பாரம் விழ வேண்டும்.

இந்த அறிவைக் கொண்டு 1980களிலும் 1990களிலும் கனடாவிலும் ஜெர்மனியிலும் ஒரு பயிற்சி முறை உருவானது. ஜெர்மனியில் ஆன்டன் வெர்னிக் இதில் முன்னோடி. நோயாளிக்கு மார்பிலும் இடுப்பிலும் பட்டைக் கச்சு அணிவித்து, மேலேயுள்ள சட்டத்திலிருந்து கயிறு கட்டி, எடையில் ஒரு பகுதியைத் தாங்கியபடி டிரெட்மில்லின் மேல் நிறுத்துவார்கள். இரண்டு சிகிச்சையாளர்கள் இருபுறமும் குனிந்து அமர்ந்து, ஒவ்வோர் அடிக்கும் முழங்காலையும் கணுக்காலையும் கையால் பிடித்து எடுத்து வைப்பார்கள். மூன்றாமவர் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இது முதுகொடியும் வேலை. பத்துப் பதினைந்து நிமிடங்களில் கை ஓய்ந்துவிடும்; ஓய்ந்த கை வைக்கும் அடி, முதல் அடியைப்போல் இருக்காது. நோயாளிக்குத் தாங்கும் திறன் இருந்தும், பழக்குபவரின் முதுகு வலியால் பயிற்சி நின்றுவிடும் நிலை ஏற்பட்டது.

ரோபோ வந்தது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் பணியாற்றிய பொறியாளர் கெரி கொலம்போவும் அவருடைய தோழர்களும் அங்கே லோகோமாட் என்ற கருவியை வடிவமைத்தார்கள். 1996இல் அதற்கென ஹோகோமா என்ற நிறுவனத்தையும் தொடங்கினார்கள். தண்டுவடக் காயமுற்றவர்களுக்கு அதைப் பயன்படுத்தியது பற்றிய முதல் விரிவான அறிக்கை 2000இல் வந்தது. இன்று உலகெங்கும் மறுவாழ்வு மையங்களில் மிகப் பரவலாக இருப்பதும், மிக அதிகமாக ஆராயப்பட்டிருப்பதும் இந்தக் கருவிதான் என்பதால், ஒரு பயிற்சி நேரம் எப்படி நடக்கிறது என்பதை இதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அளவெடுப்பார்கள். இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் வரையிலும், முழங்காலிலிருந்து பாதம் வரையிலும் உள்ள நீளம், இடுப்பின் அகலம், தொடையின் சுற்றளவு என எல்லாம் குறித்துக்கொண்டு, கருவியின் உலோகக் கால்களை அதற்கேற்ப நீட்டிச் சுருக்குவார்கள். கருவியின் மூட்டும் நோயாளியின் மூட்டும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும் ஒவ்வோர் அடியிலும் பட்டை தோலை இழுத்துத் தேய்க்கும், அந்த இடத்தில் உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியவே தெரியாது. பிறகு கச்சு அணிவித்து, சக்கர நாற்காலியிலிருந்து கயிற்றால் மெல்லத் தூக்கி நிறுத்துவார்கள். நெடுநாள் படுத்தே இருந்தவருக்கு இந்தக் கணத்தில் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம் என்பதால், முகத்தையும் இரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டே நிறுத்துவார்கள். தொடையிலும் கெண்டைக்காலிலும் பட்டைகளைப் பூட்டுவார்கள். இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஒவ்வொரு காலிலும் ஒவ்வொரு மோட்டார் உண்டு. கணுக்காலுக்கு மோட்டார் இல்லை, பாதத்தின் முன்பகுதி தொங்கித் தரையில் உரசாமலிருக்க நெகிழும் பட்டை ஒன்று தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இத்தனையும் முடிய, குறிப்பாக முதல் முறை, கணிசமான நேரம் பிடிக்கும்.

பின்பு கருவி அந்தரத்தில் சில அடிகள் நடந்துபார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால், ஓடும் டிரெட்மில்லின் மேல் பாதங்கள் பதியும்வரை நோயாளியை இறக்குவார்கள். வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர். அடிக்கு அரை மீட்டர் என்றால் 2,000 அடிகள். இந்த எண்ணிக்கையின் அருமை ஒப்பிட்டால்தான் புரியும். வட அமெரிக்க மறுவாழ்வு மையங்களில் பக்கவாத நோயாளிகளின் வழக்கமான பிசியோதெரபியைக் கவனித்து எண்ணிய ஓர் ஆய்வில், நடைப்பயிற்சி நடந்த ஒரு நேரத்தில் சராசரியாக 357 அடிகளே வைக்கப்பட்டன என்று 2009இல் பதிவானது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் நரம்பு கற்கும் என்றால், ரோபோவின் தலையாய பங்களிப்பு இந்த எண்ணிக்கைதான். நோயாளிக்கு எதிரே ஒரு திரை இருக்கும். எந்த மூட்டில் அவர் தாமாக முயல்கிறார், எங்கே இயந்திரத்தின் மேல் சாய்ந்துவிடுகிறார் என்பதை அதில் கோடாகவோ விளையாட்டாகவோ காணலாம். முடிந்ததும் பட்டைகளைக் கழற்றி, தோலை ஒவ்வோரிடமாகப் பார்ப்பார்கள். சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால் அடுத்த பயிற்சியைத் தள்ளிவைப்பார்கள். ஒரு சிறு புண் ஆற மாதக்கணக்கில் ஆகும் உடல் அது.

வேறு வகைக் கருவிகளும் உண்டு. பெர்லினில் ஸ்டெஃபான் ஹெஸ்ஸேயின் குழு உருவாக்கிய கருவியில் பாதங்கள் மட்டும் இரண்டு தட்டுகளில் கட்டப்படும். தட்டுகள் நடையின் பாதையில் நகரும், முழங்காலும் இடுப்பும் தம்மால் இயன்றவரை பின்தொடரும். உடலோடு அணிந்து தரையில் நடக்கும் எக்ஸோஸ்கெலிட்டன் மூன்றாவது வகை. இஸ்ரேலைச் சேர்ந்த அமித் கோஃபர், 1997இல் விபத்தில் தாமே கைகால் செயலிழந்த பொறியாளர், உருவாக்கிய ரீவாக் கருவிக்கு 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. எக்ஸோ, இண்டிகோ என்ற இதே வகைக் கருவிகள் 2016இல் அனுமதி பெற்றன. இவற்றை டிரெட்மில் ரோபோவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ரீவாக் முதன்மையாக நடக்க உதவும் சாதனம்: அணிந்திருக்கும்வரை நடக்கலாம், கழற்றினால் பழைய நிலைதான், கையில் ஊன்றுகோலும் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். லோகோமாட்டின் நோக்கம், அதைவிட்டு இறங்கிய பிறகு நோயாளி தம் காலால் நன்றாக நடப்பது. காணொளிகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே காட்டப்படுவதால்தான் வீட்டாரின் எதிர்பார்ப்பு திசை மாறிப்போகிறது.

இப்போது, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி. ரோபோவின் வலிமையே அதன் குறையும் ஆகிறது. தொடக்க காலத்து இயந்திரங்கள் காலை முன்பே வகுத்த பாதையில் பிசகாமல் கொண்டுசென்றன. நோயாளி முயன்றாலும் முயலாவிட்டாலும் அடி ஒரேபோல விழுந்தது. மனித உடல் சிக்கனமானது. தனக்காக வேறொருவர் வேலை செய்கிறார் என்று கண்டால் தன் முயற்சியைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பகுதிக் காயமுள்ளவர்களின் உடல் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்று சிகாகோவில் அளந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர்கள் கையால் உதவியபோது செலவானதைவிட ரோபோவில் குறைவாகவே செலவானது; "முழு முயற்சியோடு நடங்கள்" என்று சொன்னபோது அந்த வேறுபாடு பெரிதும் சுருங்கியது. ஒரே இயந்திரம், ஒரே நோயாளி. அவருக்குச் சொல்லப்பட்ட ஒரு சொல்லில் பயிற்சியின் தன்மையே மாறிப்போயிற்று.

அதனால்தான் பின்னர் வந்த கருவிகளில் தேவைக்கேற்ப மட்டும் உதவும் முறை சேர்க்கப்பட்டது. இயந்திரம் வழிநடத்தும் விசையை 100 விழுக்காட்டிலிருந்து படிப்படியாகக் குறைக்கலாம். நோயாளி பாதையிலிருந்து சற்று விலக இடம் தந்து, தவறினால் மட்டும் கைகொடுக்கும். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தப் பழகும் பிள்ளைக்கு, கைகால் பழகப் பழகக் குடுக்கையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தானே நீச்சல் வரும்? அதே முறைதான் இங்கும். மூன்று அளவுகளைச் சிகிச்சையாளர் தொடர்ந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்: கயிறு தாங்கும் எடை, வழிநடத்தும் விசை, வேகம். முதல் இரண்டும் வாரம் தோறும் இறங்கவும், மூன்றாவது ஏறவும் வேண்டும். இரண்டு மாதங்கள் கழித்தும் முதல் நாள் வைத்த அளவுகளிலேயே பயிற்சி நடக்கிறது என்றால், அங்கே இயந்திரம் நடந்துகொண்டிருக்கிறது, நோயாளி அதன் மேல் பயணம் செய்கிறார் என்றே நான் கொள்வேன். இன்னொரு குறையும் உண்டு: பழைய வடிவத்தில் இடுப்பு பக்கவாட்டில் அசைய வழியில்லாததால், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிச் சமநிலை காக்கும் வேலையை உடல் செய்யவே வேண்டியிருக்காது. தரையில் நடக்கும்போது விழவைப்பது பெரும்பாலும் அந்தச் சமநிலைக் குறைவுதான். புதிய வடிவங்களில் இடுப்பு அசைய இடமுண்டு. எனினும் தரையில் நடந்து பழகுவதற்கு மாற்று இல்லை.

ஆய்வுகள் சொல்வதை நேர்மையாகப் பார்த்தால், காணொளிகள் தரும் உற்சாகம் சற்றே அடங்கும். பல மையங்களில் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில், பகுதிக் காயமுற்று நெடுநாளான 20 பேர் எட்டு வாரங்கள் லோகோமாட்டில் பழகினார்கள். அவர்களுடைய நடைவேகமும் நடக்கக்கூடிய தொலைவும் கூடின. ஊன்றுகோல், காலணைப்பு (காலைத் தாங்கும் சட்டம்), பிறர் உதவி ஆகியவற்றின் தேவை மாறவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. 2006இல் புரூஸ் டாப்கின் தலைமையில் 146 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு, ரோபோ இல்லாமல் கையால் உதவிய டிரெட்மில் பயிற்சியையும் தரையில் நடக்கும் வழக்கமான பயிற்சியையும் ஒப்பிட்டது. காயமுற்ற எட்டு வாரங்களுக்குள் சேர்க்கப்பட்டு, 12 வாரங்கள் பழகிய அவர்களில் இரண்டு குழுவினரும் ஒரே அளவில் தேறினார்கள். 'சி', 'டி' வகையினரில் மிகப் பெரும்பாலோர் எந்த முறையிலும் நடந்தார்கள் என்பது ஆய்வாளர்களையே வியக்கவைத்தது. 2011இல் எடல் ஃபீல்ட்-ஃபோட் மயாமியில் நடத்திய ஆய்வில் நான்கு முறைகள் ஒப்பிடப்பட்டன. காயமுற்று நெடுநாளானவர்களில், மின்தூண்டலின் (நரம்புக்குச் சிறு மின்னோட்டம் தந்து தசையை இயக்குவதன்) உதவியோடு தரையில் நடந்து பழகியவர்களின் நடைதூரம் மிகுதியாகக் கூடியது. ரோபோ குழுவினரின் முன்னேற்றம் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை.

2020இல் அமெரிக்க இயன்முறை சிகிச்சையாளர் சங்கத்தின் வழிகாட்டுதல், காயமுற்று ஆறு மாதங்களுக்கு மேலாகி, ஓரளவு நடக்கக்கூடியவர்களின் நடைவேகத்தையும் தொலைவையும் கூட்டுவதற்கு ரோபோ பயிற்சியைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது; மூச்சு வாங்கும் அளவுக்குத் தீவிரமான நடைப்பயிற்சியே வேண்டும் என்றது. இதை "ரோபோ வீண்" என்று படிப்பது தவறு. தரையில் ஊன்றுகோலோடு நடக்க முடிந்தவருக்கு, அவருடைய வேலையை எடுத்துக்கொள்ளும் இயந்திரம் பயனற்றது என்பதே அதன் பொருள். தரையில் இரண்டு அடிகூட வைக்க முடியாத, காயமுற்றுச் சில மாதங்களே ஆன, பகுதி அசைவு மிஞ்சியிருக்கும் ஒருவரின் நிலைமை வேறு. அவருக்கு ஆயிரக்கணக்கில் அடிகளைப் பாதுகாப்பாக வழங்க வேறு நல்ல வழி பெரும்பாலும் இல்லை. நரம்பு மீட்சியின் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் நிகழ்வதால், அந்தக் காலத்தில் கிடைக்கும் பயிற்சிக்குத் தனி மதிப்பு உண்டு. ரோபோவுக்குரிய இடம் அந்த இடைவெளிதான் என்பது என் கருத்து; நோயாளி தரையில் நடக்கத் தொடங்கியதும் அது விலகிவிட வேண்டும்.

நடை திரும்புமா என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கவும் முடியும். ஐரோப்பிய நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு 2011இல் வெளியான ஒரு கணிப்பு முறை, காயமுற்ற முதல் இரண்டு வார அளவில் செய்யும் பரிசோதனையை வைத்து, ஓராண்டுக்குப் பின் அவர் தாமாக நடப்பாரா என்பதை நல்ல துல்லியத்தோடு சொல்கிறது. அதற்கு வேண்டியவை நோயாளியின் வயது, முழங்காலை நீட்டும் தசையின் வலிமை, பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தும் தசையின் வலிமை, தொடையின் கீழ்ப்பகுதியிலும் குதிகாலின் வெளிப்புறத்திலும் தொடு உணர்வு, இவ்வளவுதான். ஒரு பஞ்சுத் துண்டும் மருத்துவரின் கையும் போதும். விலை உயர்ந்த பயிற்சிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பரிசோதனையின் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிமை உண்டு.

உடற்கூற்றைச் சொல்லும்போது பின்னால் பயன்படும் என்று குறிப்பிட்ட செய்தி இங்கே வருகிறது. கழுத்திலோ மார்பிலோ அடிபட்டவருக்கு, நடைத்தாளத்தை எழுப்பும் கீழ்வலை சேதமில்லாமல் இருக்கும். மூளையோடு உள்ள தொடர்பு மட்டும் நலிந்திருக்கும். பயிற்சி எழுப்ப முயல்வது அந்த வலையையும், மிஞ்சிய தொடர்பையும். இடுப்புப் பகுதியில் அடிபட்டு, தண்டுவடத்தின் நுனியோ அதற்குக் கீழேயுள்ள நரம்பு வேர்களோ நசுங்கியிருந்தால், தசைக்குச் செல்லும் கடைசி நரம்பே அறுந்திருக்கிறது; கால்கள் இறுக்கமின்றித் துவண்டு கிடக்கும். அங்கே தாளத்தை எழுப்புவதற்கு வழி குறைவு. "கீழேதானே அடிபட்டிருக்கிறது, சீக்கிரம் நடந்துவிடுவார்" என்று சொல்லக் கேட்டிருப்போம். இந்தப் பயிற்சியைப் பொறுத்தவரை அது பொருந்தாது.

ஆபத்துகளும் உண்டு. நெடுநாள் எடை தாங்காத கால் எலும்புகள் மெலிந்துவிடுவதால், உணர்ச்சியில்லாத காலில் இயந்திரத்தின் விசை எலும்பை முறிக்கக்கூடும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. ஆறாத படுக்கைப் புண், காலில் இரத்த உறைவு, சேராத எலும்பு முறிவு, நிலைப்படாத முதுகெலும்பு, நீட்ட முடியாதபடி இறுகிப்போன மூட்டு ஆகியவை இருந்தால் முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும். மார்பின் ஆறாவது நரம்பின் அளவிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு, பட்டை அழுத்துவதாலோ சிறுநீர்க்குழாய் மடங்குவதாலோ திடீரென்று இரத்த அழுத்தம் அபாயகரமாக உயரலாம். கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்த்தல் என்று எதைச் சொன்னாலும் உடனே பயிற்சியை நிறுத்தி உட்காரவைத்து, பட்டைகளைத் தளர்த்தி, குழாயைப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கு முன் சிறுநீர்ப் பையை வெறுமையாக்கிக் கொள்வது இதற்காகத்தான்.

'ஏ' வகையினருக்கு இந்தப் பயிற்சி பயன் தருமா என்ற கேள்வியை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். டிரெட்மில் ரோபோவால் மட்டும் அவர்கள் தாமாக நடப்பார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. 2018இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், தண்டுவடத்தின் மேலுறையில் மின்முனைகளைப் பொருத்தி மின்தூண்டல் தந்து, மாதக்கணக்கில் கடும் பயிற்சியும் அளித்ததில், கால் அசைவே இல்லாதிருந்த நால்வரில் இருவர் துணைச் சாதனத்தோடு தரையில் அடியெடுத்து வைத்தார்கள். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த ஆய்வில், ரோபோக் கயிறு எடையைத் தாங்க, மின்தூண்டல் பெற்ற மூவர் நடந்தார்கள். இவை எல்லாம் ஆய்வுக்கூடத்து முயற்சிகள்; இவற்றில் தரையில் நடந்தவர்களும் 'ஏ' வகையினர் அல்லர். மருத்துவமனையில் பணம் கட்டி வாங்கக்கூடிய சிகிச்சையாக இவற்றை யாராவது காட்டினால் நிதானிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் நிலைமை மெல்ல மாறிவருகிறது. சுவிட்சர்லாந்தின் லோகோமாட் கருவியின் விலை பெரிய மருத்துவமனைகளுக்கே எட்டுவதாக இருந்த நிலையில், பாதாளச் சாக்கடைக் குழிகளைத் தூய்மை செய்யும் பாண்டிகூட் ரோபோவால் அறியப்பட்ட திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் ஜி-கெய்ட்டர் என்ற நடைப்பயிற்சி ரோபோவை உள்நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் ரோபோ இல்லை. பிடித்துக்கொண்டு நடக்கும் இணைக் கம்பிகளும், காலணைப்பும், ஊன்றுகோலும், தேர்ந்த ஒரு பிசியோதெரபிஸ்டும்தான் இருப்பார்கள். மேலே சொன்ன ஆய்வுகளைப் படித்தவர்கள் அதற்காக மனம் தளர வேண்டியதில்லை, ஏனெனில் தரையில் தீவிரமாகப் பழகியவர்கள் எங்கும் பின்தங்கவில்லை. நடை திரும்பாவிட்டாலும் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை: வேலூரில் பணியாற்றி, 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார், அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார், 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமாக இருந்தார். சிறுநீர்ப் பையைப் பேணுவது, தோலைக் காப்பது, நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தாமே மாறுவது ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டிய மாதங்களை முழுவதும் ரோபோவுக்கே கொடுத்துவிடும் குடும்பங்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ரோபோ பயிற்சியைத் தேர்ந்தெடுப்பவர்கள், சேரும் நாளிலேயே பத்து மீட்டர் நடக்க எத்தனை விநாடி ஆகிறது, ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார், அதற்கு எந்தத் துணை வேண்டியிருக்கிறது என்பதைத் தரையில் அளந்து எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நடக்கவே முடியாதவரென்றால் கால் தசைகளின் வலிமை எண்களை எழுதி வாங்கலாம். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அதே அளவுகளை எடுக்கச் சொல்லி, கயிறு தாங்கும் எடையும் வழிநடத்தும் விசையும் எவ்வளவு குறைந்தன என்பதையும் பக்கத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். தரையில் எடுக்கும் அளவு உயர்ந்துகொண்டிருந்தால் தொடரலாம். திரையில் மட்டும் எண்கள் உயர்ந்து, இரண்டு மூன்று முறை அளந்தும் தரையில் ஒன்றும் மாறவில்லை என்றால், அந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறு பயிற்சிக்கு மாற்றுவது பற்றிச் சிகிச்சையாளரிடம் வெளிப்படையாகப் பேசிவிடலாம்.